ஊருக்கு ஒரு வழித்துணை

இயற்கை வேளாண்மைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது இடுபொருள் பற்றித்தான். பஞ்சகவ்யம் எத்தனை லிட்டர், ஜீவாமிர்தம் எத்தனை நாளைக்கு ஒருமுறை, மீன் அமிலம் எப்படிச் செய்வது. இந்தக் கேள்விகளுக்குப் பதில் நம் இதழில் பலமுறை வந்துவிட்டது. பயிற்சி முகாம்களிலும் சொல்கிறார்கள், செல்போனைத் திறந்தால் நூறு பேர் சொல்கிறார்கள். பதில் எல்லாம் தெரிந்தும், மூன்றாவது வருடம் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு டவுனுக்குத் திரும்பிப் போகிறவர்கள் இருக்கிறார்களே, அது ஏன்?

வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, எழுமலைப் பக்கம் மானாவாரியும் கொஞ்சம் கிணற்றுப் பாசனமுமாக விவசாயம் பார்க்கிறவன் நான். என் கண்ணில் பட்டவரை காரணம் ஒன்றுதான். பக்கத்தில் கேட்பதற்கு ஆள் இல்லை. கேட்கவேண்டிய நேரத்தில், நம் மண்ணைத் தெரிந்த ஒருவர் வரப்பில் வந்து நிற்பதற்கு ஆள் இல்லை.

இன்னொரு பக்கம் பாருங்கள். எழுமலை, சேடபட்டி, பேரையூர், சாப்டூர் என்று எந்தப் பக்கம் போனாலும் பிள்ளைகள் திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் சென்னையிலும் இருக்க, வீட்டில் பெருசுகள் மட்டும் இருக்கிற தெருக்கள் உண்டு. அவர்களிடம் நிலம் இருக்கிறது, அறுபது வருட அனுபவம் இருக்கிறது. உழைக்க உடம்பு இல்லை, ஆபீஸ் ஆபீஸாக அலைய கால் இல்லை. "எனக்குத் தெரிஞ்சதைக் கேக்கத்தான் யாரும் வரலையே" என்பதுதான் அவர்கள் குறை.

கேட்க ஆள் தேடும் புதியவர் ஒரு பக்கம், சொல்ல ஆள் தேடும் மூத்தவர் ஒரு பக்கம். நடுவில் நின்று இரண்டு பேரையும் சேர்த்துவைக்க ஒருவர் வேண்டும். அவரைத்தான் ஊர் வழித்துணை என்கிறேன். அவர் யார், என்ன செய்வார், என்ன செய்யக்கூடாது என்பதை விளக்கவே இந்தக் கட்டுரை.

இது புதிதல்ல

உழவருக்கு உழவரே ஆசிரியர் என்பது உலகம் முழுக்கச் செய்து பார்த்த முறை. 1970களில் குவாத்தமாலா நாட்டின் மலைச்சரிவுகளில் மாயா இனச் சிறு உழவர்கள் மண் அரிப்பைத் தடுக்கக் கற்றுக்கொண்டு, பக்கத்து ஊர் உழவர்களுக்குத் தாங்களே போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள். அது மெக்சிகோ, நிகரகுவா என்று பரவி, 1997ல் கியூபாவின் சிறு உழவர் சங்கம் கையில் எடுத்தபிறகு பெரிய இயக்கமாகவே வளர்ந்தது. 'உழவரிடமிருந்து உழவருக்கு' என்பதுதான் அதன் பெயர்.

இந்தோனேசியாவில் நெல்லைப் புகையான் தின்று தீர்த்தது. மருந்து அடிக்க அடிக்கப் பூச்சி கூடியது. புகையானைத் தின்னும் சிலந்தியும் மற்ற நன்மை செய்யும் பூச்சிகளும் மருந்தில் செத்துப்போனதுதான் காரணம். 1986ல் அந்த நாட்டு அரசு நெல்லுக்கு அடிக்கும் 57 மருந்துகளைத் தடை செய்தது. 1989ல் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. வாரம் ஒருநாள் உழவர்கள் ஒரு வயலில் கூடி, எந்தப் பூச்சி எத்தனை இருக்கிறது என்று தாங்களே எண்ணி, தாங்களே முடிவு எடுத்தார்கள். விதைப்பு முதல் அறுவடை வரை பள்ளி நடந்தது. ஒருநாள் முகாமுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். பயிர் இருக்கும் நாள் முழுக்க ஆசிரியரும் கூட இருக்கிறார்.

நம் ஊரில் நம்மாழ்வார் ஐயா செய்ததும் இதுதான். கோவில்பட்டி ஆராய்ச்சி நிலைய வேலையை விட்டு வந்தவர், வாழ்நாள் முழுக்க ஊர் ஊராக நடந்தார். புதுக்கோட்டை மாவட்டத்தில் கொழுஞ்சிப் பண்ணை, கரூர் மாவட்டம் கடவூரில் வானகம் என்று, புதிதாக வருகிறவர்கள் தங்கிக் கற்கும் இடங்களை உருவாக்கிவிட்டு 2013 டிசம்பர் 30ல் மறைந்தார். நெல் ஜெயராமன் பாரம்பரிய நெல்லை 2 கிலோ கொடுப்பார், அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும் என்பார். அந்த 4 கிலோ இன்னும் இரண்டு பேருக்குப் போகும். விதையில் அவர் வைத்த இந்த ஒப்பந்தத்தை அறிவிலும் வைக்கலாம். ஒருவரிடம் கற்றதை இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுத்தால் கடன் தீரும்.

இன்றைக்கு இதைப் பெரிய அளவில் செய்வது பக்கத்து மாநிலமான ஆந்திரா. 2016 முதல் ரைத்து சாதிகார சம்ஸ்தா என்ற அரசு நிறுவனம் இயற்கை வேளாண்மைத் திட்டத்தை நடத்துகிறது. அதன் முதுகெலும்பே, தங்கள் நிலத்தில் இயற்கை விவசாயம் செய்து காட்டிய உழவர்கள்தான். சமூக வள நபர் என்று அவர்களுக்குப் பெயர். மகளிர் சுய உதவிக் குழுக்கள் மூலமாக ஊருக்குள் நுழைகிறார்கள். ஒரு ஊரில் ஒரு பருவம் பேசிவிட்டுக் கிளம்பிவிடாமல், வருடக்கணக்கில் கூட நிற்கிறார்கள். மழை குறைந்த அனந்தபூர் பகுதியில், பருவமழைக்கு முன்பே பலவகை விதைகளை மண்ணும் சாணமும் பூசி உருண்டையாக்கி விதைக்கும் முறை இப்படித்தான் ஆள்மாற்றி ஆள் பரவியது. 2024ல் போர்ச்சுகல் நாட்டின் குல்பென்கியன் விருது அந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது.

2024 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் தந்த தேசிய இயற்கை வேளாண்மை இயக்கத்திலும், 15,000 தொகுப்புகளுக்கு 30,000 சமூக வள நபர்கள், கிருஷி சகிகள் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு தொகுப்புக்கு இரண்டு பேர். நல்லதுதான். ஆனால் அரசு நியமிக்கும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. திட்டம் முடிந்தால் ஆளும் போய்விடுவார் என்பதையும் மறக்கவேண்டாம்.

மூத்தவருக்கு என்ன தேவை?

மூத்த உழவருக்கு விவசாயம் சொல்லித்தரப் போகவேண்டாம். அவருக்கு வேண்டியது மூன்று: காகித வேலையில் துணை, நிலத்தில் சிறு ஒத்தாசை, பேச ஆள்.

காகித வேலையை நான் சாதாரணமாக நினைப்பதில்லை. பி.எம். கிசான் திட்டத்தில் வருடம் 6,000 ரூபாய், மூன்று தவணை. அதற்கு இ-கே.ஒய்.சி. முடிக்கவேண்டும். ஆதாரோடு இணைந்த செல் நம்பர் பத்து வருடத்துக்கு முன்னால் மகன் வாங்கிக் கொடுத்த சிம்மாக இருக்கும், அது எப்போதோ செத்திருக்கும். சரி, கைரேகை வைக்கலாம் என்றால், மண்வெட்டி பிடித்தே தேய்ந்துபோன விரலில் ரேகை விழாது. "ரேகை விழுகலையாம்ல தம்பி. நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று ஒரு அப்பத்தா கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. முகத்தைக் காட்டிப் பதிவு செய்யும் வசதி 2023லேயே வந்துவிட்டது என்று அவருக்கு யார் சொல்வது? ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் முடித்துத் தரலாம்.

அடுத்தது பட்டா. நம் பக்கம் நிறைய நிலம் இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறது. உழுவது பேரன், பட்டா செத்துப்போனவர் பெயரில். இதனால் பயிர்க்கடனும் கிடைக்காது, காப்பீடும் கிடைக்காது. வாரிசுச் சான்று வாங்கி, இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்குப் பதிந்து, வி.ஏ.ஓ., தாசில்தார் அலுவலகம் என்று தொடர்ந்து போகவேண்டும். எந்தக் காகிதத்தை எந்த வரிசையில் எடுப்பது என்று தெரிந்தவர் ஒருவர் ஊரில் இருந்தாலே பாதி அலைச்சல் மிச்சம்.

வங்கி விஷயம். 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வீட்டிலேயே வங்கிச் சேவை தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரிலேயே சொல்லிவிட்டது. பணம் எடுத்துத் தருவது, கே.ஒய்.சி. காகிதம் வாங்குவது, ஓய்வூதியர் உயிர்வாழ் சான்று வாங்குவது எல்லாம் இதில் வரும். கேட்டால்தான் கிடைக்கும். கேட்கத் தெரியவேண்டும்.

இவற்றை எல்லாம்விடப் பெரியது, நிலத்தை எழுதிக்கொடுப்பது. "எழுதிக் குடுத்துருப்பா, நாங்க பாத்துக்கிறோம்" என்ற பேச்சை நம்பித் தான செட்டில்மெண்ட் எழுதிக்கொடுத்துவிட்டு, சோற்றுக்கு நிற்கிற பெரியவர்கள் எந்த ஊரிலும் உண்டு. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு நலச் சட்டம், 2007 இதற்காகவே வந்தது. பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக்கொடுத்து, பிள்ளை பராமரிக்காவிட்டால், சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி அந்தப் பத்திரத்தை ரத்துசெய்யக் கோரலாம். கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கவேண்டும். ஆகவே எழுதும்போதே 'கடைசிவரை சாப்பாடு, மருத்துவம் பார்க்கவேண்டும்' என்ற வாசகத்தைப் பத்திரத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சு பின்னால் நிற்காது. அவசரம் இல்லாவிட்டால், உயிர் இருக்கும்வரை தன் பெயரிலேயே வைத்துக்கொண்டு உயில் எழுதுவது பாதுகாப்பு. உயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். மூத்த குடிமக்கள் உதவிக்கு 14567 என்ற இலவச எண் இருக்கிறது. அதை வீட்டுச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம்.

நிலத்து ஒத்தாசை என்பது பெரிய வேலை இல்லை. ஒரு மூட்டை விதையை இறக்கிவைப்பது, மோட்டார் ரிப்பேர் என்றால் ஆள் கூட்டிவருவது, ஆட்டுக்குக் காய்ச்சல் என்றால் கால்நடை மருத்துவமனைக்குப் போன் போடுவது. இந்தச் சின்ன வேலைகளுக்கு ஆள் இல்லாமல்தான் பல பெரியவர்கள் நிலத்தைத் தரிசு போடுகிறார்கள். தரிசில் சீமைக்கருவேல் ஏறுகிறது. அப்புறம் ஒருநாள் ரியல் எஸ்டேட் போர்டு ஏறுகிறது.

புதியவருக்கு என்ன தேவை?

புதியவருக்கு வருடத்துக்கு ஒரு பாடம் என்று வைத்துக்கொள்ளலாம்.

நிலம் வாங்குவதற்கு முன்: சித்திரை, வைகாசியில் போய்க் கிணற்றைப் பாருங்கள். கார்த்திகையில் எல்லாக் கிணறும் நிறைந்துதான் இருக்கும். 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம் மூன்றையும் பாருங்கள். வண்டிப்பாதை பத்திரத்தில் இருக்கிறதா, இல்லை பக்கத்து நிலத்துக்காரர் தயவில் இருக்கிறதா என்று கேளுங்கள். தரகர் சொல்லாததை ஊர்க்காரர் சொல்வார். அதற்குத்தான் வழித்துணை.

முதல் வருடம்: கம்பிவேலி, மாட்டுக்கொட்டகை, பண்ணை வீடு என்று கைப்பணத்தைக் கரைக்கவேண்டாம். பலதானிய விதைப்பு போதும். சிறுதானியம், பயறு, எண்ணெய்வித்து, மணப்பயிர், தழைச்சத்துப் பயிர் கலந்து ஏக்கருக்கு 20 கிலோ அளவில் விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழுவது. ரசாயனத்தில் இறுகிய மண் இதில் இளகும். அதே நேரம் எந்த மூலையில் எந்தப் பயிர் வருகிறது என்று நிலமே காட்டிக்கொடுக்கும்.

இரண்டாம் வருடம்: சாப்பாட்டுக்கு வேண்டியதை விதையுங்கள். எங்கள் பக்கக் கரிசலுக்குக் குதிரைவாலி, சோளம், கம்பு, கூடவே துவரை, தட்டை, ஓரத்தில் ஆமணக்கு. விற்காவிட்டாலும் வீட்டுக்கு ஆகும்.

மூன்றாம் வருடம்: விற்பனை, சான்று. பி.ஜி.எஸ். என்னும் பங்கேற்பு உத்தரவாதச் சான்றுக்குக் குறைந்தது ஐந்து உழவர்கள் குழுவாகச் சேரவேண்டும். ஒருவர் நிலத்தை இன்னொருவர் போய்ப் பார்த்து உறுதி சொல்லவேண்டும். தனியாகத் தோட்டத்துக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு விவசாயம் செய்கிறவருக்கு அந்த ஐந்து பேர் எங்கே கிடைப்பார்கள்?

பண விஷயத்தில் ஒரு வார்த்தை. முதல் மூன்று வருடம் நிலத்திலிருந்து வீட்டுச் செலவுக்கு எதுவும் வராது என்று கணக்குப் போட்டுக்கொண்டு வாருங்கள். ஓய்வூதியப் பணத்தை மொத்தமாக மண்ணில் போடாதீர்கள். நடப்புச் செலவுக்கு உழவர் கடன் அட்டை இருக்கிறது. 3 லட்சம் வரை 7 சதவீத வட்டி, தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதம்தான். 2025 ஜனவரி முதல் 2 லட்சம் ரூபாய் வரை பிணை இல்லாமலே தரவேண்டும். தொடக்க வேளாண் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனை உரிய காலத்தில் கட்டினால் வட்டியே இல்லை. இதையெல்லாம் விட்டுவிட்டுக் கந்துவட்டிக்குப் போனால், இயற்கை விவசாயம் ஆனாலும் செயற்கை விவசாயம் ஆனாலும் தேறாது.

இரண்டு பேரையும் சேர்ப்பது

வழித்துணையின் முக்கியமான வேலை இதுதான். மூத்தவரையும் புதியவரையும் ஜோடி சேர்ப்பது. ஒரு பருவத்துக்கு ஒரு ஜோடி.

கரிசல் மண்ணில் ஏர் பூட்டப் பதம் பார்ப்பதை எடுத்துக்கொள்வோம். ஈரம் கூடினால் கொழுவில் அப்பும், குறைந்தால் கட்டி கட்டியாகப் பெயரும். இடையில் கிடைப்பது இரண்டு மூன்று நாள். மண்ணை எடுத்துப் பிடித்து உருட்டி, கீழே போட்டால் உதிரவேண்டும். எழுத்தில் இவ்வளவுதான் சொல்லமுடியும். எவ்வளவு உதிர்ந்தால் சரி என்பது பெரியவர் கையைப் பார்த்தால்தான் வரும். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்வார்: "சார், மழை எப்ப வரும்னு நான் சொல்ல மாட்டேன். வந்த மழைக்கு எப்ப ஏர் பூட்டலாம்னு சொல்வேன்." ஒரு வானிலைச் செயலியும் இதைச் சொல்லாது.

துவரையைச் செம்மண் கட்டிக் காயவைத்து வண்டு விழாமல் வைப்பது, விதைச் சோளத்தைச் சாம்பல் கலந்து குலுக்கையில் போடுவது, மூன்றுபோகம் தாண்டிய விதையை எப்போது மாற்றுவது எல்லாம் பெரும்பாலும் பாட்டிகளிடம் இருக்கிற அறிவு. வழித்துணையாக ஆண் ஒருவர் மட்டும் இருந்தால் அடுப்படிவரை போய் இதைக் கேட்க முடியாது. அதனால் ஊருக்கு ஒரு ஆண், ஒரு பெண் என்று இரண்டு பேராக இருப்பது நல்லது.

பதிலுக்குப் புதியவர் என்ன தருவார்? உழவன் செயலியில் விலை பார்த்துச் சொல்வார். காப்பீட்டுக்குக் கடைசித் தேதி எப்போது என்று பார்த்துச் சொல்வார். தன் வண்டியில் பெரியவர் வீட்டு மூட்டையையும் உசிலம்பட்டிக்கு ஏற்றிப்போவார். வாரத்துக்கு இரண்டு தடவை வந்து உட்கார்ந்து பேசுவார். இரண்டு பக்கமும் கொடுக்கிறார்கள், இரண்டு பக்கமும் வாங்குகிறார்கள். ஒருவர் மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்தால் அது தர்மம். தர்மம் சீக்கிரம் சலித்துப்போகும்.

வழித்துணை செய்யக்கூடாதவை

வங்கி அனுபவத்தில் இதை அழுத்தியே சொல்கிறேன். நம்பிக்கை சேர்க்கப் பத்து வருடம் ஆகும், போக ஒரு கையெழுத்து போதும்.

ஒன்று, யாருடைய பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, பத்திரம் எதையும் தன் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. ஓ.டி.பி. வந்தால் பெரியவர் முன்னிலையில், எதற்கு என்று சொல்லிவிட்டுத்தான் போடவேண்டும்.

இரண்டு, நிலத் தரகு கூடாது. உரக்கடை, விதைக்கடை, டிராக்டர்க் கம்பெனி எவரிடமும் கமிஷன் கூடாது. இயற்கை இடுபொருள் விற்பவரிடமும் கூடாது.

மூன்று, குடும்பத்துப் பாகப்பிரிவினையில் நடுவராக உட்காரக் கூடாது. சட்டம் என்ன சொல்கிறது, எங்கே போகவேண்டும் என்று சொல்வதோடு நிறுத்தவேண்டும். தாலுகா அளவில் இலவசச் சட்ட உதவிக் குழு இருக்கிறது. அங்கே அனுப்பிவிடலாம்.

நான்கு, தெரியாததைத் தெரியாது என்று சொல்லவேண்டும். பயிரில் புரியாத நோய் என்றால் வேளாண் அறிவியல் நிலையத்துக்கும் ஒத்தக்கடை வேளாண் கல்லூரிக்கும் அனுப்பவேண்டும். மருத்துவம் சொல்லவே கூடாது.

ஐந்து, எல்லாத் தெருவுக்கும் போகிற கால் வேண்டும். ஒரு தெருவுக்குப் போய் இன்னொரு தெருவைத் தாண்டிப் போகிறவர் ஊருக்கு வழித்துணை ஆகமாட்டார், ஒரு சாதிக்கு ஏஜென்ட் ஆவார். நம் பக்கத்தில் இதைச் சொல்லாமல் விடமுடியாது. இயற்கை விவசாயமும் அந்த ஒரு தெருவோடு நின்றுபோகும்.

தொடங்குவது எப்படி?

கூட்டம், பேனர், பொன்னாடை எதுவும் வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். முதல் பக்கத்தில் ஊரில் 65 வயது தாண்டிய உழவர்கள் பெயரையும் ஒவ்வொருவருக்கும் எது நன்றாகத் தெரியும் என்பதையும் எழுதுங்கள். விதை, மாடு, கிணறு, தேனீ, பனை, நாட்டு வைத்தியம் என்று தனித்தனியாக எழுதுங்கள். அடுத்த பக்கத்தில் ஐந்து வருடத்துக்குள் விவசாயத்துக்கு வந்தவர்கள் பெயர். இரண்டு பக்கத்துக்கும் நடுவே கோடு போட்டு இணைக்கத் தொடங்குங்கள்.

மாதம் ஒருநாள், ஒருவர் நிலத்தில் கூடுங்கள். மண்டபத்தில் வேண்டாம். நடக்க முடியாத பெரியவர் வீட்டுத் திண்ணையிலும் கூடலாம். வருகிறவர்கள் வீட்டுக்குக் கொஞ்சமாவது விதை கொண்டுபோகட்டும், ஜெயராமன் கணக்குப்படி.

வழித்துணைக்குச் செலவு ஆகும். பெட்ரோலுக்கும் போனுக்கும் அவர் கைக்காசு போட்டால் ஆறு மாதத்தில் நின்றுவிடும். குழுவில் உள்ளவர்கள் மாதம் ஒரு சிறு தொகை போடுங்கள். இல்லையென்றால் அறுவடையில் ஒரு மரக்கால் தானியம் கொடுங்கள். ஊர்ப்பொது வேலை செய்தவருக்குக் களத்தில் தானியம் அளந்து கொடுத்த பழக்கம் நமக்குப் புதிதில்லை. கணக்கை மட்டும் எல்லோரும் பார்க்கும்படி எழுதி வையுங்கள்.

புரட்டாசி விதைப்புக்கு முன்னால் ஒரு ஜோடியையாவது சேர்த்துவிட்டால், தைக்குள் பலன் தெரிந்துவிடும். ஒரு பெரியவர் போகும்போது அவரோடு போவது ஒரு உயிர் மட்டுமில்லை. எந்த மூலையில் தண்ணீர் கசியும், எந்தப் பட்டத்தில் எந்த விதை நிற்கும் என்ற கணக்கும் போகிறது. அது வேறு எந்த நோட்டிலும் இல்லை. உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருக்கிறார் என்றால், இந்த வாரமே போய்த் திண்ணையில் உட்காருங்கள்.